பள்ளியின் கதவு முதலில் மூடுகிறது

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு நாள். மும்பையில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மழைக்கு நடுவே சீருடை அணிந்த பிள்ளைகள் பதாகைகளோடு வரிசையில் நிற்பார்கள். காவல்துறை அதிகாரி ஒருவர் பேசுவார், உறுதிமொழி எடுக்கப்படும், புகைப்படமும் எடுக்கப்படும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எல்லாப் பகுதிகளுக்கும் இச்சடங்கு பொதுவானது. அந்த வரிசையில் இல்லாதவன் ஒருவன் உண்டு. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் தோற்று, இவ்வாண்டு பள்ளிக்கே வராமல், ஏதோ ஒரு பட்டறையில் தோல் பைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுச் சிறுவன் அவன். போதை எதிர்ப்புப் பிரச்சாரம் யாரை முதலில் சென்றடைய வேண்டுமோ, அவனை விட்டுவிட்டு மற்ற அனைவரையும் சென்றடைகிறது.

போதைப் பழக்கம் படிப்பைக் கெடுக்கிறது என்று பள்ளிகள் சொல்கின்றன, காவல்துறை சொல்கிறது, தொலைக்காட்சி விவாதங்கள் சொல்கின்றன. அது பொய்யன்று. ஆனால், படிப்பிலிருந்து தள்ளப்பட்டவன் போதையிடம் போய்ச் சேருகிறான் என்ற மறுபாதியைச் சொல்ல இவர்களில் எவரும் முன்வருவதில்லை. முதல் பாதியை மட்டும் சொன்னால் குற்றவாளிக் கூண்டில் சிறுவன் மட்டுமே நிற்பான். மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால் பள்ளிக்கு நிதி ஒதுக்காத மாநகராட்சியும், சட்டத்தில் ஓட்டை வைத்த ஒன்றிய அரசும், குழந்தை உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் அதே கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

முதல் பாதியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பெயிண்ட் தின்னரிலும் தோல் ஒட்டும் பசைகளிலும் உள்ள டொலுயீன் மூளையின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையைச் சிதைக்கிறது. நீண்ட காலம் முகர்ந்தவனுக்கு நினைவாற்றல் குன்றுகிறது, கை நடுங்குகிறது. கஞ்சா கவனத்தையும் குறுகிய கால நினைவையும் கெடுக்கிறது. எம்.டி. என்று மும்பைத் தெருக்களில் அழைக்கப்படும் மெபெட்ரோன் இரவெல்லாம் உறக்கத்தைப் பறித்து, மறுநாள் எழவே முடியாத சோர்வில் தள்ளுகிறது. திட்டமிடுதல், தன்னைத் தானே கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்கான மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. பதின்மூன்று வயதில் தொடங்கும் பழக்கம் முப்பது வயதில் தொடங்கும் பழக்கத்தைவிடக் கொடியதாவது இதனால்தான்.

எனினும், மதிப்பெண் குறைவதற்கு எந்த அளவுக்குப் போதை காரணம், எந்த அளவுக்கு வாழ்நிலை காரணம் என்ற கேள்வி அறிவியல் உலகிலேயே பெரும் விவாதமாக நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, பதின்வயதில் கஞ்சா பழகி அதை விடாமல் தொடர்ந்தவர்களின் அறிவுத்திறன் அளவீடு 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள்வரை சரிந்ததாக 2012இல் அறிவித்தது. உலகெங்கும் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. அடுத்த ஆண்டே நார்வேயைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் ஒலே ரோகெபெர்க், அதே ஆய்விதழில் ஒரு மறுப்பை முன்வைத்தார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சீக்கிரமாகப் பள்ளியை விட்டு, அறிவுக்கு வேலை தராத தொழில்களுக்குப் போய்விடுவதே இந்தச் சரிவின் காரணமாக இருக்கக்கூடும் என்றார். 2016இல் அமெரிக்க இரட்டையர்களிடம் நடந்த ஆய்வில், கஞ்சா பயன்படுத்திய ஒருவரின் அளவீடு, பயன்படுத்தாத தன் இரட்டையரைவிட அதிகமாகச் சரியவில்லை என்று தெரிந்தது. ஒரே வீடு, ஒரே வறுமை, ஒரே பள்ளி என்றால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. கஞ்சா தீங்கற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரு சிறுவனின் கையிலிருக்கும் பொட்டலத்தை மட்டும் பார்த்து அவனது தேர்வுத்தாளை விளக்கிவிட முடியாது என்பதே பொருள்.

பசையின் கணக்கு

உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 14 அன்று, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் குறித்து ஆறு மாதத்தில் தேசிய அளவில் கணக்கெடுக்க வேண்டும், நான்கு மாதத்தில் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும், பள்ளிப் பாடத்திலும் இதைச் சேர்க்க வேண்டும் என்றது. கணக்கெடுப்பு அறிக்கை 2019 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மையம் தயாரித்த அறிக்கை அது.

அதில் ஓர் எண் தனித்து நிற்கிறது. மது, கஞ்சா, அபினி வகைகள் என அனைத்திலும் பெரியவர்களின் விகிதமே அதிகம். ஒன்றில் மட்டும் கணக்கு தலைகீழ். பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 1.17 சதவீதம். இதற்காக உதவி தேவைப்படும் பிள்ளைகள் நாடு முழுவதும் 4.6 லட்சம் பேர் என்று அறிக்கை மதிப்பிட்டது.

பிள்ளைகள் ஏன் பசையைத் தேர்கிறார்கள்? அவர்கள் தேர்வதில்லை, அது அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. விலை மலிவு, கடையில் கேட்டால் கிடைக்கும், பசியையும் மறக்கடிக்கும். போதைப்பொருள் தடைச் சட்டத்தின் பட்டியலிலும் அது இல்லை. எழுத்துப்பிழை திருத்தும் வெள்ளைத் திரவத்தையும் அதன் தின்னரையும் புட்டிகளில் சில்லறையாக விற்பதற்கு 2012இல் தடை வந்தது. ஆனால் தோல் பையும் காலணியும் செய்யும் பட்டறையில் டப்பா டப்பாவாக நிற்கும் பசைக்கு எந்தத் தடையும் கிடையாது. அது இல்லாமல் தொழிலே நடக்காது.

தாராவியின் கதை தோலோடு பின்னிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிட்டார்கள். பதனிடும் தொழில் பெருமளவு வெளியேறிய பின்னும் பை, இடைவார், பணப்பை செய்யும் சிறு பட்டறைகள் தொடர்கின்றன. காற்று நுழையாத ஒற்றை அறையில் பத்து மணி நேரம் பசை தடவுகிறவன் பத்து மணி நேரமும் டொலுயீனைச் சுவாசிக்கிறான். அதற்குப் பெயர் உழைப்பு. அதற்குக் கூலி உண்டு. அதைத் தடுக்க எந்த அதிகாரியும் வருவதில்லை. வேலை முடிந்த பின் அதே பசையை ஒரு துணியில் நனைத்துச் சந்தின் முனையில் நின்று முகர்ந்தால் மட்டும் அவன் ‘கர்துல்லா’ ஆகிவிடுகிறான். அவன் நுரையீரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது சமூகத்துக்குத்தான்: முதலாளிக்கு லாபம் தரும்வரை நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை.

2016இல் மோடி அரசு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தக்கூடாது என்ற பொதுத் தடையைச் சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக ‘குடும்பத் தொழிலில்’ உதவலாம் என்று பின்கதவைத் திறந்து வைத்தது. வீடே பட்டறையாகவும் பட்டறையே வீடாகவும் இருக்கும் தாராவியில் குடும்பத் தொழில் எது, ஒப்பந்தக்காரரின் வேலை எது என்று யார் பிரித்துப் பார்ப்பது? பதினான்கைத் தாண்டியவர்களுக்கோ, ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிடப்பட்ட சிலவற்றைத் தவிர மற்ற அனைத்தும் திறந்தே கிடக்கின்றன.

பதினான்கு வயது என்னும் விளிம்பு

இதே பதினான்கு வயதில்தான் கல்வி உரிமைச் சட்டமும் கைகழுவுகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. அதன் 16ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவனின் பையில் ஒரு பொட்டலம் கிடைத்தால், பெற்றோரை வரவழைத்து மாற்றுச் சான்றிதழை நீட்டிவிடப் பள்ளிக்கு எந்தத் தடையும் இல்லை. போதைப் பழக்கம் பெரும்பாலும் வேர்விடும் வயது எதுவோ, அந்த வயதிலேயே பள்ளியின் கடமை முடிந்துவிட்டதாகச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இது பெருமைக்குரியதே. ஆனால் அதன் தொடக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் உயர்நிலைப் பள்ளிகள் மிகச் சில. தமிழ்வழியில் எட்டு ஆண்டு படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கோ வேறு மொழிவழிக்கோ மாற நேர்ந்தால், கணக்கும் அறிவியலும் ஒரே நாளில் அந்நிய மொழியாகிவிடுகின்றன. நேற்றுவரை வகுப்பில் கை தூக்கியவன் இன்று பின்வரிசையில் அமர்கிறான். தனியார் பள்ளிக்குக் கட்டணம் வேண்டும், டியூஷனுக்குப் பணம் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்குத் தோல்வி காத்திருக்கிறது. அதற்கடுத்துப் பட்டறை காத்திருக்கிறது. 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளிலேயே மாணவரைத் தோல்வியடையச் செய்யலாம் என்று ஒன்றிய அரசு வழி திறந்துவிட்ட பின், இந்த விளிம்பு இன்னும் கீழே இறங்கி வருகிறது.

பெண் பிள்ளைகளின் கதை இதில் பேசப்படுவதே இல்லை. அவர்கள் வெளியேறினால் சந்தின் முனையில் நிற்பதில்லை. வீட்டு வேலைக்கோ திருமணத்துக்கோ போய்விடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைத் தூளான மிஸ்ரியால் பல் துலக்கும் வழக்கம் பெண்களிடையே பரவலானது. அதைப் போதை என்று எந்த விழிப்புணர்வு ஊர்வலமும் கணக்கில் எடுப்பதில்லை. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக 2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு சொன்னது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2012 முதல் மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கே தடை இருக்கிறது. தாராவியில் ஒரு பள்ளி வாசலிலிருந்து நூறு கெஜம் நடந்து பார்க்கும் எவருக்கும் இவ்விரு சட்டங்களின் கதி விளங்கும்.

இரண்டு முகவரி, இரண்டு நீதி

மாட்டுங்காவிலும் செம்பூரின் வசதியான குடியிருப்புகளிலும் போதை இல்லை என்று யாரும் நம்ப வேண்டாம். 2019இல் தடைசெய்யப்பட்ட மின் சிகரெட் இன்றும் விலை கொடுப்பவருக்குக் கிடைக்கிறது. போட்டித் தேர்வுக்கான பயிற்சி மையங்களில் காலை முதல் இரவுவரை அடைக்கப்படும் பிள்ளைகளின் மனச்சுமையும் பொய்யானதல்ல. ஆனால் அங்கே பிடிபட்டால் குடும்ப மருத்துவர் இருக்கிறார், கட்டணம் வாங்கும் மனநல ஆலோசகர் இருக்கிறார், வேறு பள்ளியில் சேர்க்கப் பணம் இருக்கிறது. ஓராண்டு வீணானாலும் வாழ்க்கை வீணாவதில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு அதே தவறு காவல் நிலையத்தில் முடிகிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 27ஆவது பிரிவு, நுகர்ந்தவனுக்கே ஓராண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. முதல் பிரிவு எல்லாக் காவலர்களுக்கும் மனப்பாடம். இரண்டாவது பிரிவை எந்தப் பெற்றோருக்கும் எவரும் சொல்வதில்லை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டில் இச்சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை சொந்த நுகர்வுக்காக வைத்திருந்ததன் மீதானவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவரை இளைஞர் நீதிச் சட்டம் காக்கிறது. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும், அவர்களை அதைக் கடத்தப் பயன்படுத்துபவருக்கும் ஏழாண்டு வரை கடுங்காவல் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் பதினெட்டு நிறைந்த மறுநாள் அந்தச் சிறுவன் வெறும் குற்றவாளி. ஒரு வழக்கு போதும், வேலைக்கான காவல்துறைச் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் கிடைக்காமல் போக.

பெரிய மீன்களோ வேறு கடலில் நீந்துகின்றன. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. துறைமுகத்தை நடத்தும் அதானி நிறுவனம், பெட்டகங்களைத் திறந்து பார்க்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று விளக்கம் அளித்தது. அடுத்த சில நாட்களில் மும்பைக் கடலோரத்தில் ஒரு சொகுசுக் கப்பல் சோதனையிடப்பட்டு, திரை நட்சத்திரம் ஒருவரின் மகன் கைதானார். தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் அதையே காட்டின. மாதங்கள் கழிந்து அவர்மீது குற்றச்சாட்டே இல்லை என்றானது. அதற்குள் 3,000 கிலோ மக்கள் நினைவிலிருந்து நழுவிப் போயிற்று. 2024 பிப்ரவரியில் புனே மாவட்டம் குர்கும்ப் அரசுத் தொழிற்பேட்டையில் இயங்கிய இரசாயன ஆலையில் மெபெட்ரோன் தயாரிக்கப்பட்டது அம்பலமானது. ஆயிரம் கிலோவுக்கும் மேல் கைப்பற்றப்பட்டது. எம்.டி.யின் ஊற்று குடிசைப் பகுதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகும் குடிசைப் பகுதிகளில்தான் சோதனை நடத்துகிறார்கள்.

இந்த நகரத்தின் செல்வத்துக்கும் போதைக்கும் உள்ள உறவு புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாளவத்து அபினி பம்பாய்த் துறைமுகம் வழியாகச் சீனத்துக்குக் கப்பலேறியது. அதில் பெரும்பொருள் ஈட்டிய ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பெயரில்தான் இன்றும் ஜே.ஜே. மருத்துவமனையும் ஜே.ஜே. கலைப்பள்ளியும் நிற்கின்றன. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒரு தனி அரசாங்கம் நடத்தியது. வரதராஜ முதலியாரின் மாட்டுங்கா கணபதி பந்தலைப் பற்றி இன்றும் பேசுவார் உண்டு. 1987இல் தமிழ்த் திரையுலகம் அவர் சாயலில் ஒரு நாயகனையே படைத்தது. சாராயம் குடித்து ஈரல் கெட்டு மாண்டவர்களுக்குத் திரைப்படம் ஏதும் இல்லை. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பலருக்கு ஆலைக் கதவு மீண்டும் திறக்கவேயில்லை. பிரவுன் சுகர் மும்பைத் தெருக்களில் பரவியதும் அதே பத்தாண்டில்தான். தந்தையின் ஆலையும் மகனின் பள்ளியும் ஒன்றாக மூடும்போது தெருவில் எது திறக்கும் என்பதை இந்நகரம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது.

சிறைக்கு மாற்று

ஐஸ்லாந்தில் 1998இல் 15-16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து போதையேறியவர்களாக இருந்தனர். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. அந்நாடு பிள்ளைகளைச் சிறையில் அடைத்து இதைச் சாதிக்கவில்லை. விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றில் பங்கேற்க உதவியது. பெற்றோரைப் பள்ளியோடு இணைத்தது. ஆண்டுதோறும் மாணவர்களிடமே கேட்டுக் கணக்கெடுத்தது. மும்பையைவிட மிகச் சிறிய, மிகச் செல்வமுள்ள நாடு அது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி என்று பெயரெடுத்த மும்பை மாநகராட்சிக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2016இல் ‘விமுக்தி’ இயக்கத்தையும் 2022 அக்டோபரில் மாணவர்கள், ஆசிரியர்கள், உள்ளாட்சிகளை இணைத்த பரப்புரையையும் தொடங்கியது. அங்கும் பிரச்சனை தீர்ந்துவிடவில்லை என்றாலும், சிகிச்சையும் பள்ளியும் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்ற பார்வை அங்கே அரசின் பார்வையாக இருந்தது.

தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே. பள்ளிக்குப் போனது ஒன்றரை நாள் என்று சொல்லப்படும் அந்தத் தலித் தோழர், 1944இல் அமர் ஷேக், தத்தா கவாங்கரோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக்கைத் தொடங்கினார். பாடல், கூத்து, இரவு வாசிப்பு, சங்கக் கூட்டம் என்று தொழிலாளர் குடியிருப்பின் இளைஞனுக்கு மாலை நேரத்தில் போக ஓர் இடம் இருந்த காலம் அது. இன்று அவனுக்கு மிச்சமிருப்பது ஒரு கைப்பேசியும் ஒரு சந்து முனையும்.

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தைப் பதினெட்டு வயது வரை நீட்டித்து, 16ஆவது பிரிவின் காப்பைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுசெல்ல வேண்டும். போதைப் பழக்கத்துக்காக மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதைத் தடைசெய்ய வேண்டும். மாநகராட்சியின் ஒவ்வொரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளிக்கும் நடந்து போகும் தொலைவில் தமிழ்வழி உயர்நிலை வகுப்புகள் வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒப்பந்த ஊழியராக அல்லாமல் நிரந்தர ஊழியராக ஓர் ஆலோசகர் வேண்டும். தாராவியின் வாசலிலேயே சயான் மருத்துவமனை நிற்கிறது. அங்கே பதின்வயதினருக்கென்று மாலை நேரத்தில், காவல்துறையின் நிழல் விழாத ஒரு தனிப்பிரிவு இயங்கத் தடையேதும் இல்லை. குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவிச் சேவை 1996இல் செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகப் பிறந்தது. 2023இல் ஒன்றிய அரசு அதைத் தன் கைக்கு எடுத்து 112 அவசர அழைப்போடு இணைத்தது. போதையில் சிக்கிய பிள்ளை, காவல்துறையையும் அழைக்கும் அதே அமைப்பை நம்பித் தன் கதையைச் சொல்லுமா என்பதை இணைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கிடையே தாராவியே பெயர்க்கப்படவிருக்கிறது. 2022 நவம்பரில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவ முடிந்தவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்களுக்கு வேறிடம், அதற்காகப் பேசப்படும் இடங்களுள் 1927 முதல் நகரின் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் நிலமும் ஒன்று. இந்நகரின் ஏழைகளுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1976இல் அவசரநிலையின்போது ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அண்மையில் மாஹுலுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் முறையீடுகளில் ஆலைப் புகையோடு பள்ளியும் மருத்துவமனையும் இல்லாத குறையும் இருந்தது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகளை நடுவாண்டில் இடம்பெயர்த்தால் அவர்களில் எத்தனை பேர் புதிய இடத்தில் மீண்டும் பள்ளிக்குப் போவார்கள்? ஆகவே, முதல் குடும்பம் மூட்டை கட்டும் முன்பே, இடம்பெயர்க்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பதாம் வகுப்பு எந்தக் கட்டிடத்தில், எந்த மொழியில், வீட்டிலிருந்து எத்தனை நிமிட நடையில் இருக்கும் என்பதை மாநில அரசு எழுத்துபூர்வமாக அறிவிக்க வேண்டும். வீட்டு உரிமைக்காகத் தாராவி மக்கள் எழுப்பும் கோரிக்கைப் பட்டியலில் இதுவும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.